ஸ்காட்லாந்தில் அதிகம் பேசப்படாத பழைய கோல்ஃப் மைதானங்களை எப்படித் தேர்ந்தெடுப்பது?

கேள்வி: நாங்கள் நான்கு பேர், ஹேண்டிகேப் (ஆட்டத் திறனைக் காட்டும் எண்; குறைந்தால் திறன் அதிகம்) 14 முதல் 24 வரை. செப்டம்பரில் ஒரு வாரம் ஸ்காட்லாந்து போகிறோம். செயின்ட் ஆண்ட்ரூஸ் ஓல்ட் கோர்ஸ் கிடைக்குமா என்பது நிச்சயமில்லை. பெரிய பெயர்களை விட்டுவிட்டு, பழமையான ஆனால் கூட்டம் மொய்க்காத மைதானங்களில் ஆட ஆசை. எதை எடுப்பது, எதை விடுவது?

பதில்:

மைதானத்தைத் தேடுவதற்கு முன்னால் ஒரு கடற்கரையை முடிவு செய்யுங்கள். ஒரே வாரத்தில் மேற்கே ஏர்ஷையர், கிழக்கே ஃபைஃப், வடக்கே டோர்னாக் என்று மூன்றையும் தொட்டால் பாதி விடுமுறை காரிலேயே கழியும். முதல் பயணம் என்றால் ஃபைஃப் போதும். செயின்ட் ஆண்ட்ரூஸிலிருந்து ஏ917 கடலோரச் சாலையைப் பிடித்தால் சுமார் 10 மைலில் கிரெயில், அங்கிருந்து கிட்டத்தட்ட அதே தூரத்தில் ஈலி, அதைத் தாண்டி லண்டின் லிங்க்ஸ், கடைசியில் லெவன். மொத்தமே 30 மைலுக்குள் அடங்கிவிடும். ஈலியிலோ ஆன்ஸ்ட்ரதரிலோ ஒரே வீட்டை எடுத்துத் தங்கினால் பெட்டியை ஒரு தடவை பிரித்தால் போதும்.

ஓல்ட் கோர்ஸை அடியோடு மறக்கவும் வேண்டாம். அங்கே ஆட்ட நேரங்களில் ஒரு பகுதியைக் குலுக்கலில் ஒதுக்குவார்கள்; அதற்கு ஆடும் நாளுக்கு இரண்டு நாள் முன்பு மதியம் 2 மணிக்குள், குறைந்தது இரண்டு பேராகப் பெயர் கொடுக்க வேண்டும். பொதுவாக ஞாயிற்றுக்கிழமை அங்கே ஆட்டம் இல்லை. ஆனால் செப்டம்பர் மோசமான மாதம். செயின்ட் ஆண்ட்ரூஸில் உள்ள ஆர் அண்ட் ஏ கோல்ஃப் கிளப்பின் இலையுதிர்காலக் கூட்டம் அப்போதுதான் நடக்கும். அது முடிந்த கையோடு, மாத இறுதியிலோ அக்டோபர் தொடக்கத்திலோ டன்ஹில் என்ற பெரிய கோல்ஃப் போட்டி வரும். அந்த வாரங்களில் குலுக்கல் நேரங்களும் குறையும், விடுதி வாடகையும் ஏறும். விழுந்தால் லாபம் என்று வைத்துக்கொண்டு, மற்ற நாட்களை முன்கூட்டியே உறுதி செய்யுங்கள்.

ஒரே ஒரு மைதானத்துக்குத்தான் நேரம் என்றால் ஈலி. பிரிட்டனின் பெரிய பட்டப் போட்டியான ஓப்பனை ஐந்து முறை வென்ற ஜேம்ஸ் பிரெய்ட் 1870-ல் பிறந்த ஏர்ல்ஸ்ஃபெர்ரி இதை ஒட்டிய ஊர்தான். ஸ்கோர் அட்டையைப் பார்த்தால் அச்சுப் பிழையோ என்று தோன்றும்: பதினாறு பார் 4, இரண்டு பார் 3, பார் 5 ஒன்றுகூட இல்லை (பார் என்பது ஒரு ஹோலை முடிக்க எதிர்பார்க்கும் அடிகளின் எண்ணிக்கை). முதல் டீயில் (முதல் அடியை அடிக்கும் இடம்) நின்றால் எதிரே ஒரு மேடு மட்டும்தான் தெரியும், ஃபேர்வே (பந்து விழ வேண்டிய புல்தடம்) தெரியாது. அதனால் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டரின் குடிசைக் கூரையைத் துளைத்துக்கொண்டு ஒரு பெரிஸ்கோப் நிற்கிறது. எக்ஸ்காலிபர் என்ற பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கழற்றியது. ஸ்டார்ட்டர் அதில் கண் வைத்து, முன்னால் போனவர்கள் மேட்டுக்கு அப்பால் நகர்ந்துவிட்டார்களா என்று பார்த்த பிறகே உங்களை அடிக்கச் சொல்வார். கேட்டால் நீங்களும் பார்க்கலாம். இங்கே டிரைவரை (தொலைதூரம் அடிக்கும் மட்டை) எடுத்துக் கண்ணை மூடிக்கொண்டு வெளுக்கத் தேவையில்லை. மேட்டைத் தாண்டும் அளவுக்கு நேராக ஒரு அடி, அது போதும்.

லண்டினும் லெவனும் சேர்த்து ஆட வேண்டிய ஜோடி. 1909 வரை இரண்டும் ஒரே 18 ஹோல் மைதானம். ஒரு கிளப்காரர்கள் லெவன் முனையிலிருந்தும் இன்னொரு கிளப்காரர்கள் லண்டின் முனையிலிருந்தும் தொடங்குவார்கள். நெரிசல் தாங்காமல் நடுவில் ஓடும் மைல் டைக் என்ற கல்சுவரை எல்லையாக வைத்துப் பிரித்துக்கொண்டார்கள். ஆளுக்கு ஒன்பது பழைய ஹோல்கள் கிடைத்தன, மீதியை நிலப்பக்கமாகப் புதிதாகச் சேர்த்தார்கள். லண்டினில் அந்த வேலையைச் செய்தவர் பிரெய்ட். அதனால் இரண்டிலும் கடலோரத்துப் பழைய ஹோல்களும் உள்ளே தள்ளியிருக்கும் புதியவையும் வெவ்வேறு மண், வெவ்வேறு சுபாவம். லண்டினில் 1960-களில் மூடப்பட்ட ரயில் பாதையின் தடம் மைதானத்துக்கு நடுவே போகிறது. அது அவுட் ஆஃப் பவுண்ட்ஸ், அதாவது ஆட்ட எல்லைக்கு வெளியே. பந்து வலப்பக்கம் வளைந்துபோய் ஸ்லைஸ் ஆகிறவர்கள் எந்தெந்த ஹோலில் தண்டவாளத் தடம் எந்தப் பக்கம் வருகிறது என்று அட்டையில் முன்பே குறித்துக்கொள்வது நல்லது. லெவனின் 18-வது ஹோலில் கிரீனுக்கு (குழியைச் சுற்றியுள்ள குட்டைப் புல்தரை) முன்னால் ஸ்கூனி ஓடை ஓடுகிறது. இரண்டாவது அடிக்கு எதிர்காற்று இருந்தால் ஓடைக்கு முன்பே நிறுத்தி, வெட்ஜில் (பந்தை உயரத் தூக்கும் மட்டை) தாண்டுங்கள். வீம்புக்கு 3 வுட் என்ற நெடுந்தூர மட்டையை எடுத்தவர்களின் பந்துகள் அந்த ஓடையில் நிறையவே கிடக்கும். 2024 ஜூனில் லெவனுக்கு ரயில் மறுபடி ஓடத் தொடங்கிவிட்டது, எனவே எடின்பரோவிலிருந்து கார் இல்லாமலும் வரலாம்.

கிரெயில் கிளப் 1786-ல் தொடங்கியது. அதன் பால்கோமி மைதானத்தை 1895-ல் வகுத்தவர் 19-ம் நூற்றாண்டின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் ஓல்ட் டாம் மாரிஸ். பக்கத்திலேயே கிரெய்க்ஹெட் என்று இன்னொன்றும் இருக்கிறது. அது 1990-களின் இறுதியில் கில் ஹான்ஸ் வடிவமைத்தது, நீளமும் கடினமும் அதிகம். இணையத்தில் பதிவு செய்யும்போது இரண்டு பெயரையும் குழப்பிக்கொள்பவர்கள் உண்டு; உங்களுக்கு வேண்டியது பால்கோமி. மொத்தம் பார் 69: ஆறு பார் 3, மூன்று பார் 5, கடைசி ஹோலும் பார் 3.

"பார் 69-ஆ, சின்ன மைதானமோ" என்று தயங்க வேண்டாம். தேர்வு செய்யத் தெரிந்தவர்கள் தேடுவதே இதைத்தான். மொத்த நீளம் 6,000 யார்டு சொச்சம், பார் 68 முதல் 70, பார் 3 எண்ணிக்கை வழக்கத்துக்கு மாறாக: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால், நிலம் எப்படிக் கிடந்ததோ அப்படியே ஹோல்களைப் போட்டிருக்கிறார்கள், வழக்கமான பார் 72 கணக்குக்காக எதையும் இழுத்து நீட்டவில்லை என்று பெரும்பாலும் எடுத்துக்கொள்ளலாம். அடுத்து செயற்கைக்கோள் படத்தில் பாருங்கள். ஹோல்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுகின்றனவா, கல்சுவர், ஓடை, பழைய ரயில் பாதை ஏதாவது உள்ளே வருகிறதா? அதெல்லாம் நல்ல சகுனம். ஒன்பது ஹோல் நேராகப் போய் ஒன்பது ஹோல் திரும்பி வரும் அமைப்பானால் ஒரு பாதி முழுக்க எதிர்காற்று, மறுபாதி முழுக்கப் பின்காற்று. ஸ்கோரைப் பாதியில் கணக்குப் போட்டுச் சோர்ந்துவிடாதீர்கள். "உலகின் தலைசிறந்த 100" மாதிரிப் பட்டியல்களை இதற்கு நம்ப வேண்டாம். பட்டியலில் ஏறியதும் கட்டணமும் ஏறிவிடும். நார்த் பெரிக் அதற்குச் சரியான உதாரணம். ரெடான் என்ற அதன் 15-வது ஹோல் உலகம் முழுக்க நகலெடுக்கப்பட்ட அற்புதம்தான், ஆனால் இப்போது அது யாரும் அறியாத மைதானம் இல்லை.

வந்து இறங்கும் நாளில் 18 ஹோல் போடாதீர்கள். எடின்பரோவுக்கு அருகே மஸல்பரோ ஓல்ட் லிங்க்ஸ், குதிரைப் பந்தயத் திடலுக்குள்ளேயே 9 ஹோல். 1874-க்கும் 1889-க்கும் இடையில் ஆறு ஓப்பன் போட்டிகள் இங்கே நடந்தன. இன்று உலகம் முழுக்க ஹோலின் விட்டம் 4¼ அங்குலமாக இருப்பது இங்கே 1829 வாக்கில் பயன்படுத்திய வெட்டுக்கருவியால்தான் என்பார்கள். ஹிக்கரி மரத்தாலான தடி கொண்ட பழைய பாணி மட்டைகளை வாடகைக்கு வாங்கி ஆடலாம். பந்தய நாட்களில் மூடியிருக்கும், அதை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆன்ஸ்ட்ரதரின் 9 ஹோலும் மாலை நேரத்துக்குத் தோதானது. அதன் ஐந்தாவது ஹோலான ராக்கீஸ் பெயருக்குத்தான் பார் 3. போகி (பாரைவிட ஓர் அடி அதிகம்) எடுத்தால் சந்தோஷமாக நடையைக் கட்டுங்கள். செப்டம்பர் நடுவில் ஏழரை மணிக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும். ஜூனில் போகிறவர்கள் பத்து மணி வரை ஆடும் கதையை நம்பி இரண்டாவது சுற்றைத் திட்டமிடாதீர்கள்.

இனி ஆட்டம். லிங்க்ஸ் எனப்படும் கடலோர மைதானங்களில் மண் மணல், புல் குட்டை, தரை கெட்டி. நம் ஊரில் பழகியபடி வெட்ஜை உயரமாகத் தூக்கிப் போட்டால் மட்டையின் அடிப்பகுதி தரையில் மோதி எகிறும், பந்தின் தலையில் அடி விழும், பந்து கிரீனைத் தாண்டி ஓடும். பவுன்ஸ் (மட்டை அடிப்பகுதியின் சாய்வுக் கோணம்) அதிகமுள்ள வெட்ஜில் இது இன்னும் மோசம். 8 டிகிரிக்குள் உள்ளதைக் கொண்டுபோங்கள். கிரீனுக்கு 40 யார்டில் இருந்தால் 7 அயர்ன், பந்தை வலது பாதத்துக்கு நேரே வைத்து, கைகள் பந்துக்குச் சற்று முன்னால், அரை வீச்சு. பந்து தாழப் பறந்து, கிரீனுக்கு முன்பே விழுந்து உருண்டு போகும். 20 யார்டுக்குள் கிரீனுக்கு வெளியே இருந்தும் புட்டரை (பந்தைத் தரையில் உருட்டும் மட்டை) எடுக்கலாம், யாரும் சிரிக்க மாட்டார்கள். உள்ளூர்க்காரர்களே அதைத்தான் செய்வார்கள். சுவர் வைத்துக் கட்டியது போன்ற செங்குத்தான பங்கரில் (மணல் குழி) விழுந்தால் முன்பக்கம் அடிக்க நினைக்க வேண்டாம், பக்கவாட்டிலோ பின்பக்கமோ வெளியேறுங்கள்.

பயணங்கள் கெடுவது பெரும்பாலும் ஆட்டத்தால் அல்ல, நேர ஒதுக்கீட்டால். இவை உறுப்பினர்களின் கிளப்புகள். சனிக்கிழமை மாதாந்திரப் போட்டி, வார நடுவில் ஒரு நாள் பெண்கள் போட்டி என்று காலைப் பொழுது போய்விடும். பதிவுப் பக்கத்தில் நேரம் காட்டவில்லை என்றால் இடமே இல்லை என்று முடிவு கட்டாமல் கிளப் செயலாளருக்கு மின்னஞ்சல் போடுங்கள். நான்கு பேரின் ஹேண்டிகேப் சான்றும் கையில் இருக்கட்டும். பார்வையாளர்கள் வழக்கமாக மஞ்சள் டீயிலிருந்துதான் ஆட வேண்டும், வெள்ளை டீ போட்டிகளுக்கு. சின்ன கிளப்புகள் வெளியாட்களும் சேரக்கூடிய "ஓப்பன்" நாட்களை நடத்துகின்றன. நுழைவுக் கட்டணம் பார்வையாளர் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் குறைவு, கூடவே உள்ளூர்க்காரர்களோடு ஆடும் வாய்ப்பு. பலர் இதைக் கவனிப்பதே இல்லை.

அதே மின்னஞ்சலில் இன்னொன்றும் கேளுங்கள்: "கிரீன்களில் துளையிடும் வேலை எந்த வாரம்?" ஆகஸ்ட் இறுதி, செப்டம்பரில் பல இடங்களில் காற்றோட்டத்துக்காகத் துளை போட்டு மணல் தூவுவார்கள். அதற்கு அடுத்த பத்துப் பதினைந்து நாள் புட்டிங் சல்லடையில் கோலி ஆடுவது போலத்தான். ஆட்டக்காரர்கள் ஏறிச் செல்லும் பக்கி வண்டி பல மைதானங்களில் இல்லை, இருந்தாலும் மருத்துவச் சான்று கேட்பார்கள். முழங்கால் வலிக்காரர் யாராவது இருந்தால் இழுவைத் தள்ளுவண்டியை முன்பதிவு செய்யுங்கள்.

நான்கு பேர், நான்கு கோல்ஃப் பை, நான்கு பெட்டி சாதாரணக் காரில் ஏறவே ஏறாது. ஒன்பது இருக்கை வேன் எடுத்துப் பின் இருக்கையை மடக்குங்கள். இந்திய உரிமத்திலேயே ஓட்டலாம், இடப்பக்கச் சாலை நமக்குப் பழக்கம்தான். கியர் இல்லாத வண்டி வேண்டுமென்றால் சீக்கிரம் சொல்லி வைக்க வேண்டும். மழைக் கையுறை ஜோடியாக வாங்குங்கள், துண்டு இரண்டு.

அடுத்த தடவைக்கு வடக்கு. இன்வர்னஸிலிருந்து மேலே போனால் டெயின், கோல்ஸ்பி, பிரோரா மூன்றுக்கும் ஒரே ரயில் தடத்தில் நிலையம் உண்டு. ஒரு நாளைக்குச் சில ரயில்களே என்பதால் ஆட்டம் தொடங்கும் டீ நேரத்தை ரயிலுக்கு ஏற்ப வையுங்கள். டெயினில் 11-வது ஹோல் கிரீனை இரண்டு மேடுகள் மறைக்கும். கோல்ஸ்பியில் புல்வெளி, கடற்கரை, பைன் மரக்காடு எல்லாமே ஒரே சுற்றில் வரும். பிரோராவை பிரெய்ட் 1923-ல் வகுத்தார். ஆடு மாடு மேயும் பொதுநிலம் என்பதால் நெடுங்காலமாக கிரீன்களைச் சுற்றித் தாழ்வான மின்கம்பி வேலி கட்டி ஆடிய இடம். முதல் டீக்குப் போகுமுன் அட்டையின் பின்பக்கத்து உள்ளூர் விதிகளைப் படித்துவிடுங்கள். அரைக்கால் சட்டை போட்டிருந்தால், வேலி இருக்கும் நாளில் காலைத் தாராளமாகத் தூக்கி வையுங்கள்.