பைன் காய் கூறு பத்து ரூபாய்

கேள்வி: கொடைக்கானலில் இருக்கிறோம். கணவர் டூரிஸ்ட் டாக்ஸி ஓட்டுகிறார், சீசனில்தான் கையில் காசு புரளும். மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு இரண்டரை. மகள் நாள் முழுக்க வாசலில் பைன் காயைப் பரப்பிக் கடை வைத்து விளையாடுகிறாள். பில் அடிக்கிற மாதிரி சத்தம் போடும் பொம்மைக் கல்லாப்பெட்டி ஆன்லைனில் 1,500 ரூபாய், வாங்கிக் கொடுக்கலாம் என்கிறார் கணவர். மாமியாரோ, இந்த விளையாட்டு படிப்பைக் கெடுக்கும், அந்தக் காசை அவள் பேரில் போடு என்கிறார். என்ன செய்யட்டும்?

பதில்: காசு விஷயத்தில் மாமியார் சொல்வது சரி, விளையாட்டு விஷயத்தில் உங்கள் மகள் சரி. கணவருக்குத்தான் ஓட்டு விழவில்லை, மன்னிக்கச் சொல்லுங்கள்.

பொம்மையை ஏன் வேண்டாம் என்கிறேன் என்றால், பட்டனை அழுத்தினால் அதுவே கூட்டிச் சொல்லிவிடும், குழந்தைக்கு வேலையே மிச்சம் இருக்காது. பைன் காயை ஐந்தைந்தாகக் கூறு கட்டுகிறாள் பாருங்கள், அதில் எண்ணிக்கையும் இருக்கிறது, பெரிசு சிறிசு பிரிப்பதும் இருக்கிறது. ஒரு ஹேங்கரில் இரண்டு கொட்டாங்குச்சியைக் கட்டித் தொங்கவிட்டால் தராசும் தயார், ஒரு சௌசௌவுக்கு எத்தனை பைன் காய் என்று அவளே நிறுத்துப் பார்ப்பாள்.

பணம் என்றால் என்ன என்பதுதான் இந்த வயதில் குழப்பம். ஐந்து ஒற்றை ரூபாய் நாணயத்தையும் ஒரு பத்து ரூபாய் நாணயத்தையும் நீட்டிப் பாருங்கள், பல குழந்தைகள் ஐந்தைத்தான் எடுக்கும், எண்ணிக்கையில் அதுதானே அதிகம்! ஒரு நோட்டைக் கொடுத்து மூன்று நோட்டு மீதி வாங்கினால் நமக்கு லாபம் என்றுகூட நினைக்கும். நாமோ எல்லாவற்றுக்கும் போனை நீட்டி ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறோம், பணம் கையை விட்டுப் போவதைக் குழந்தை எங்கே பார்க்கும்?

அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை சந்தைக்கு அவளையும் கூட்டிப் போங்கள். இரண்டு இருபது ரூபாய் நோட்டு, ஒரு பத்து ரூபாய் நோட்டு, அவ்வளவுதான் அவள் கையில். எழுத்துக் கூட்டத் தெரியாவிட்டாலும் பத்து காப்பி நிறம், இருபது பச்சை கலந்த மஞ்சள் என்று நிறத்தை வைத்தே பிரித்துவிடுவாள். கேரட் கூறு வாங்குவதா, பட்டர் ஃப்ரூட் வாங்குவதா, அவளே முடிவு செய்யட்டும், அவளே கொடுத்து மீதியை எண்ணி வாங்கட்டும். அவசரப்படுத்தாதீர்கள், பின்னால் நிற்பவர் உச் கொட்டினால் கொட்டட்டும். காசு தீர்ந்த பிறகு பஞ்சுமிட்டாய் கேட்டு அழுவாள், அந்த நேரம் மட்டும் இளகி உங்கள் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள், அப்புறம் அந்த ஐம்பது ரூபாய்க்கு அர்த்தமே இல்லை.

வீட்டுக்கு வந்ததும் பாருங்கள், அவள் கடையில் கொசுறும் பேரமும் வந்திருக்கும். நீங்கள் வாடிக்கையாளராகப் போய் வேண்டுமென்றே தப்பாகக் காசு கொடுங்கள். ஒருநாள் கடன் கேளுங்கள், நோட்டில் கோடு போட்டு எழுதி வைத்துக்கொண்டு மறுநாள் விடாமல் வசூலிக்கிறாளா பார்ப்போம். மழை மாதத்தில் கடைக்கு ஆள் வராது என்றும் ஒரு நாள் விளையாடலாம், உங்கள் வீட்டு வருமானமே அப்படித்தானே.

சரி, அந்த 1,500-க்கு வருகிறேன். தபால் அலுவலகத்தில் மகள் பேரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள், பத்து வயதுக்குள் இருக்கும் பெண் குழந்தைக்குத்தான் தொடங்க முடியும். வருடத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், அதிகபட்சம் ஒன்றரை லட்சம், 15 வருடம் கட்ட வேண்டும், கணக்கு தொடங்கிய நாளிலிருந்து 21 வருடத்தில் முதிர்வு. மாதாமாதம் கட்டியே ஆக வேண்டும் என்று கிடையாது, சீசனில் கூடுதலாகப் போட்டுவிட்டு மழைக்காலத்தில் சும்மா இருக்கலாம், உங்களுக்கு அதுதான் வசதி. ஆனால் அவசரத்துக்கு எடுக்க முடியாத பணம் இது, ஆகையால் மழை மாதங்களின் வீட்டுச் செலவுக்குத் தனியாக எடுத்து வைத்த பிறகே இதில் போடுங்கள்.

கல்லாவில் நிஜ நாணயம் வைத்தால் தம்பி பக்கத்தில் இல்லாதபோது மட்டும், இரண்டரை வயதில் எதுவும் நேராக வாய்க்குத்தான் போகும். அவனுக்கு ஒரு சௌசௌவைக் கொடுத்து மூட்டை இறக்கும் வேலையைக் கொடுங்கள்.