பூஞ்சை பிடித்த கார்ட்டூன் கேசட்டும் '4கே' ஆசையும்

கேள்வி: 1990-களில் தூர்தர்ஷனில் வந்த கார்ட்டூன்களை அப்பா பதிவு செய்து வைத்த வீடியோ கேசட்டுகள் பரணில் கிடைத்தன. சிலவற்றில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. கடையில் கேட்டால், 'எல்லாத்தையும் 4கே-ல மாத்தித் தர்றோம், பணத்தை முன்னாடியே கட்டிடுங்க' என்கிறார்கள். மகனுக்குப் போட்டுக்காட்ட ஆசை. கொடுக்கலாமா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: பணத்தைக் கட்டாதீர்கள். அதைவிட முக்கியம், வீட்டில் பழைய வி.சி.ஆர். இருந்தால் ஆசைப்பட்டு அந்தக் கேசட்டுகளை அதில் போட்டுவிடாதீர்கள்.

கேசட்டின் கண்ணாடி வழியாகப் பாருங்கள். கறுப்பு டேப் சுருளின் மேல் திருநீறு பூசினாற்போல் தெரிந்தால் அது பூஞ்சை. அதோடு ஓட்டினால் டேப்பைப் படிக்கும் வி.சி.ஆர். ஹெட்டில் அப்பிக்கொள்ளும், ஒட்டியிருக்கும் டேப் பட்டென்று அறுந்துபோகும். அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும். கேசட்டின் அடியிலுள்ள ஐந்து திருகுகளைக் கழற்றி, டேப்பை வெளியே எடுத்து, முகக்கவசம் போட்டுக்கொண்டு பொறுமையாகத் துடைக்க வேண்டிய வேலை இது. கைப்பழக்கம் உள்ளவர் செய்யட்டும்.

அடுத்து 4கே ஆசை. வீட்டில் ஓட்டிய வி.எச்.எஸ். வகை டேப்பில் படத்தின் குறுக்குவாட்டில் ஏறக்குறைய 240 கோடு அளவுக்குத்தான் விவரம் பதிவாகும். 4கே-யில் அதே குறுக்குவாட்டில் 3,840 புள்ளிகள். இல்லாததைக் கடைக்காரர் எங்கிருந்து கொண்டுவருவார்? கணினி ஊகித்து நிரப்பும். கார்ட்டூனில் இது இன்னும் மோசம்: கறுப்பு மையில் வரைந்த கோடெல்லாம் மெழுகு பூசியதுபோல் வழவழவென்று ஆகிவிடும். பழைய டிவிப் படத்தின் அளவான 720-க்கு 576 புள்ளிகளில் உள்ளபடியே கேளுங்கள், போதும்.

இன்னொன்று. 'கேசட் மாற்றித் தரப்படும்' என்று பலகை மாட்டியிருக்கும் கடைகள் பலவற்றில் வி.சி.ஆரே கிடையாது. வாங்கி வைத்து, வேறெங்கோ கூரியரில் அனுப்பி, நடுவில் கமிஷன் பார்ப்பார்கள். தொலைந்தால் ஆளுக்கு ஆள் கைகாட்டுவார்கள். உலகில் கடைசியாக வி.சி.ஆர். தயாரித்துக்கொண்டிருந்த ஃபுனாய் நிறுவனமே 2016-ல் நிறுத்திவிட்டது. அதனால் மெஷினைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கேசட்டைக் கொடுங்கள். பூஞ்சை இல்லாத ஒன்றை மட்டும் கொடுத்து, ஐந்து நிமிடம் மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். கொடுக்கும் முன் கேசட்டின் முதுகோரத்திலுள்ள சின்னப் பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுங்கள். தவறிக்கூட மேலே எதுவும் பதிவாகாது.

கார்ட்டூனுக்காக மட்டும் என்றால் இந்தச் செலவே வேண்டாம் என்பேன். பெரும்பாலானவை நல்ல பிரதியாக டிஸ்க்கில் கிடைக்கின்றன. ஆனால் 'ஜங்கிள் புக்' இருந்தால் கதை வேறு. அது 1989-ல் ஜப்பானின் நிப்பான் அனிமேஷன் எடுத்த 52 பகுதித் தொடர். வெளிநாட்டு டிஸ்க் வாங்கினால் அந்தந்த ஊர்க் குரலும் பாட்டும்தான் இருக்கும். நாம் இந்தி புரியாமலே கூடப் பாடிய 'ஜங்கிள் ஜங்கிள் பாத் சலீ ஹை' தூர்தர்ஷனுக்காகப் பாடலாசிரியர் குல்சார் எழுதி, விஷால் பரத்வாஜ் இசையமைத்தது. புலி ஷேர்கானுக்குக் குரல் நடிகர் நானா படேகர். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒளிபரப்பு அப்படியே உங்கள் அப்பாவின் கேசட்டில் இருக்கலாம். எந்தக் கேசட்டை விட்டாலும் அதை விடாதீர்கள். பூஞ்சை பிடித்திருந்தாலும் செலவழித்துத் துடைக்கலாம்.

'விளம்பரத்தையெல்லாம் வெட்டிச் சுத்தமா தர்றோம்' என்றால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். விளம்பரம், அறிவிப்பாளர் முகம், 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை எல்லாம் வேறெங்கே கிடைக்கும்? புத்தகம் போட்டால் கன்னிமாரா நூலகத்துக்கு ஒரு பிரதி அனுப்ப 1954-லேயே சட்டம் போட்டார்கள். தொலைக்காட்சிக்கு அப்படி ஒன்று போட யாருக்கும் தோன்றவில்லை. எழுபது ஆண்டாகிறது. பொதுமக்களின் பரண்தான் ஆவணக் காப்பகம்!

வீட்டில் பார்ப்பதில் பதிப்புரிமைச் சிக்கல் இல்லை, யூடியூபில் ஏற்றாதீர்கள். மாற்றியதை டிவிடியில் வாங்காமல் ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் வாங்குங்கள், இன்னொரு பிரதி வேறு இடத்தில் இருக்கட்டும். கேசட்டுகளை எண்ணித் திரும்ப வாங்கிய பிறகு மீதிப் பணத்தைக் கொடுங்கள். 'இனி இது எதுக்கும்மா?' என்று கேட்பார்கள், கேசட்டைக் கொடுத்துவிடாதீர்கள்.