ராணி பெயரில் ரெஜிமென்ட், அரண்மனை பெயரில் வசூல்

கேள்வி: என் தாத்தா இரண்டாம் உலகப்போரின்போது பட்டாளத்தில் இருந்தார். 1942இல் சேர்ந்து 1946இல் ஊர் திரும்பிவிட்டார். அவருடைய டிஸ்சார்ஜ் சான்றிதழில் ‘குயின் விக்டோரியாஸ் ஓன் மெட்ராஸ் சப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்’ என்று இருக்கிறது. எங்கள் ஊருக்கு வந்துபோகும் ஒருவர், “இது ராணியின் சொந்த ரெஜிமென்ட். அரச குடும்பத்தார்தான் இதற்கு கர்னல்-இன்-சீஃப். அரண்மனைக்கு முறைப்படி மனுப் போட்டால் இத்தனை ஆண்டு நிலுவை பென்ஷனும் வாரிசுகளுக்கு வந்துவிடும்” என்கிறார். முன்பணமாக 18,000 ரூபாயும், அசல் சான்றிதழும், தாத்தாவின் மெடல்களும் கேட்கிறார். கொடுக்கலாமா? தாத்தா 1988இல் காலமானார். 92 வயதுப் பாட்டி மட்டும் எங்களோடு இருக்கிறார். – வேலூர் மாவட்ட வாசகர் ஒருவர்

பதில்: கொடுக்காதீர்கள். பணத்தையும் கொடுக்காதீர்கள், காகிதத்தையும் கொடுக்காதீர்கள், மெடல்களைக் கண்ணால்கூடக் காட்டாதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இந்தப் பதிலை அப்புறம் படிக்கலாம். முதலில் போய் அசல் சான்றிதழைத் திருப்பி வாங்கி வாருங்கள்.

அந்த மனிதர் சொன்னதில் பாதி உண்மை. அதனால்தான் நம்பத் தோன்றுகிறது. மெட்ராஸ் சப்பர்ஸ் 1780இல் தொடங்கப்பட்ட படை. பாலம் கட்டுவது, சாலை போடுவது, கண்ணிவெடி அகற்றுவது எல்லாம் இவர்கள் வேலை. பட்டாளத்து வட்டாரத்தில் இவர்களுக்குச் செல்லப்பெயர் ‘தம்பி’. ராணியின் பெயரைப் பட்டமாகச் சேர்த்துக்கொள்ளும் உரிமை 1876இல் இந்தப் படைக்குக் கிடைத்தது. நன்றாகப் போரிட்ட படைக்கு அரசர் தரும் கௌரவம் அது. அந்தப் பட்டத்தால் சிப்பாயின் சம்பளத்தில் ஒரு ரூபாய்கூட ஏறியதில்லை. விக்டோரியா 1901 ஜனவரியிலேயே இறந்துவிட்டார். உங்கள் தாத்தா பட்டாளத்தில் சேர்ந்தபோது அந்த ராணி போய் நாற்பத்தொரு ஆண்டுகள் ஆகியிருந்தன. இறந்தவர் பெயர் தாங்கிய படையில் சேர்ந்ததற்காக அவருடைய கொள்ளுப்பேரப் பிள்ளைகள் உங்களுக்கு பென்ஷன் தரவேண்டும் என்று எந்தச் சட்டத்திலும் இல்லை.

அடுத்தது, அவர் நாக்கில் புரளும் அந்த கர்னல்-இன்-சீஃப். பெயரைக் கேட்டால் பெரிய தளபதி போலத் தோன்றும். அவர் ஒரு படைப்பிரிவுக்கும் கட்டளையிட முடியாது. அந்தப் பதவிக்குச் சம்பளமும் கிடையாது. ரெஜிமென்ட்டுக்குப் புதிய கொடி வழங்குவார், ஆண்டுவிழாவுக்கு வந்து அணிவகுப்பைப் பார்வையிடுவார், போருக்குப் புறப்படும் வீரர்களை வழியனுப்புவார், ரெஜிமென்ட் என்ன செய்கிறது என்று அவ்வப்போது அறிக்கை பெறுவார். அவ்வளவுதான். நம் ஊர்த் திருவிழாவில் பழைய ஜமீன் வீட்டாருக்குப் பரிவட்டம் கட்டி முதல் மரியாதை செய்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயில் ஊழியருக்குச் சம்பள பாக்கி என்றால் பரிவட்டம் கட்டியவரிடம் யாரும் போய் நிற்பதில்லை. பிரிட்டனிலும் அப்படியே. சம்பளம், பென்ஷன், புகார், மாற்றல் எல்லாம் பாதுகாப்பு அமைச்சகத்தின் பொறுப்பு. ரெஜிமென்ட்டின் அன்றாட நலன்களைக் கவனிக்க ‘கர்னல் ஆஃப் தி ரெஜிமென்ட்’ என்று வேறொருவர், பணியில் இருக்கும் அல்லது ஓய்வுபெற்ற உயரதிகாரி, தனியாக இருக்கிறார்.

இந்தப் பதவி எவ்வளவு வெறும் அலங்காரம் என்பதற்கு ஓர் உதாரணம் போதும். ஜெர்மன் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் 1894இல் பிரிட்டனின் ராயல் டிராகூன்ஸ் குதிரைப்படைக்கு கர்னல்-இன்-சீஃப் ஆக்கப்பட்டார். விக்டோரியாவின் பேரன் அல்லவா, உறவுக்கு மரியாதை. இரண்டு ஆண்டு கழித்து ஆஸ்திரியப் பேரரசர் ஃபிரான்ஸ் ஜோசப்புக்கு கிங்ஸ் டிராகூன் கார்ட்ஸ் கிடைத்தது. 1914இல் இருவருடைய நாடுகளோடும் பிரிட்டன் போருக்குப் போனது. பதவிகள் பறிபோயின, ராயல் டிராகூன்ஸ் தன் முன்னாள் புரவலரின் படையையே எதிர்த்துச் சண்டையிட்டது. கிங்ஸ் டிராகூன் கார்ட்ஸின் வழிவந்த படை இன்றைக்கும் ஆஸ்திரியாவின் இரட்டைத் தலைக் கழுகைத் தொப்பியில் அணிந்துகொள்கிறது. அதைக் காட்டி வியன்னாவுக்கு பென்ஷன் மனுப் போட்டவர் யாரும் இல்லை. அண்மைக் காலத்தையே பாருங்கள். அப்போது பிரிட்டன் இளவரசராக இருந்த ஆண்ட்ரூவின் ராணுவக் கௌரவப் பதவிகள் எல்லாம் 2022 ஜனவரியில் ஒரே அறிவிப்பில் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் படைகளில் இருந்த ஒரு சிப்பாயின் சம்பளச் சீட்டிலும் அதனால் எதுவும் மாறவில்லை.

உங்கள் தாத்தாவின் படைக்கு வருவோம். 1947க்குப் பிறகு அது இந்திய ராணுவத்தின் படை. இன்று மெட்ராஸ் இன்ஜினியர் குரூப் என்ற பெயரில் பெங்களூரில் இருக்கிறது. 1950 ஜனவரி 26 அன்று நாடு குடியரசானதோடு அரசப் பட்டங்களும் கிரீடச் சின்னங்களும் போயின. பழைய சிப்பாய்களின் பென்ஷன் பொறுப்பும் இந்திய அரசுக்கு வந்துவிட்டது. ஆகவே கேட்க வேண்டியது ஏதாவது இருந்தால் லண்டனில் இல்லை, இங்கேதான் இருக்கிறது.

சாதாரணச் சிப்பாய்க்கு பென்ஷன் கிடைக்க 15 ஆண்டு சேவை வேண்டும். போர்க்காலத்தில் சேர்ந்து, போர் முடிந்ததும் விடுவிக்கப்பட்ட லட்சக்கணக்கானவர்களைப் போல உங்கள் தாத்தாவும் பணிக்கொடையை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்திருப்பார். நிலுவை என்று எதுவும் இல்லை. இருந்தாலும் குடும்ப பென்ஷன் பேரப்பிள்ளைகளுக்கு இறங்காது. தரகர் ‘வாரிசு’ என்ற சொல்லை எத்தனை முறை சொன்னாலும் இறங்காது.

இவர்கள் கையில் இன்னொரு கதையும் இருக்கும், அதையும் சொல்லிவிடுகிறேன். “ஜப்பான்காரன் சிறையில் இருந்தவர்களுக்கு ஆளுக்குப் பத்தாயிரம் பவுண்டு கொடுத்தார்கள், தெரியுமா?” என்பார்கள். கொடுத்தது உண்மை. 2000ஆம் ஆண்டு நவம்பரில் பிரிட்டன் அறிவித்த திட்டம் அது. தங்களை ஒதுக்கியதை எதிர்த்து நேபாள கூர்க்காக்கள் வழக்குப் போட்டு 2002இல் வென்றார்கள். இந்திய ராணுவத்தில் இருந்த நம்மவர்கள் அதற்குள் வரவில்லை. அநியாயம்தான். ஆனால் அந்த அநியாயத்தைக் காட்டி 18,000 ரூபாய் வசூலிப்பது அதைவிடப் பெரிய அநியாயம்.

வழக்கமான தந்திரம் இப்படிப் போகும். முன்பணம் வாங்கியதும் உண்மையாகவே அரண்மனைக்கு ஒரு கடிதம் போடுவார்கள். அரண்மனைக்கு யார் எழுதினாலும் ஒரு மரியாதைப் பதில் வர வாய்ப்பு உண்டு: கிரீட முத்திரை, கெட்டியான காகிதம், “தங்கள் கடிதத்துக்கு நன்றி” என்று நாலு வரி. அதை லேமினேட் செய்து கொண்டுவந்து, “ஃபைல் ஏறிவிட்டது” என்று சொல்லி இரண்டாம் தவணை கேட்பார்கள். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து வருவார்கள். இன்னொரு வகையினர், “லண்டன் ஆவணக் காப்பகத்தில் தாத்தாவின் ஃபைலை எடுத்துத் தருகிறோம்” என்று கட்டணம் கேட்பார்கள். இந்தியச் சிப்பாய்களின் சேவை ஆவணம் அங்கே இல்லை. அந்தந்த ரெஜிமென்ட்டின் ரெக்கார்டு ஆபீஸில்தான் இருந்தது. ‘இருந்தது’ என்கிறேன், பென்ஷன் இல்லாதவர்களின் ஆவணங்களை 25 ஆண்டு வைத்திருந்து அழித்துவிடுவது விதி. ‘லாங் ரோல்’ என்ற பெரிய பதிவேட்டில் பெயர், எண், சேர்ந்த தேதி, விடுவித்த தேதி மட்டும் மிஞ்சும். அந்தப் பதிவைக் கேட்டுப் பெங்களூருக்கு நீங்களே தபாலில் எழுதலாம், புரோக்கர் எதற்கு?

இப்போது உங்கள் கடிதத்தின் கடைசி வரி. பாட்டி இருக்கிறார் என்பதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இதில் விஷயமே அந்த ஒரு வரிதான்!

உலகப்போரில் பணியாற்றி பென்ஷன் இல்லாமல் வந்தவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் தமிழக அரசு மாதாமாதம் நிதியுதவி தருகிறது. மத்திய அரசு வழியிலும், 65 வயதைக் கடந்த, பென்ஷன் இல்லாத முன்னாள் படைவீரர்களுக்கும் விதவைகளுக்கும் வறுமைக்கால உதவி உண்டு. இரண்டுக்கும் வாசல் ஒன்றே: வேலூரில் உள்ள மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். தாத்தா 1988இல் போயிருக்கிறார். இத்தனை ஆண்டும் பாட்டி வாங்கியிருக்க வேண்டிய உதவி இது. உங்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியவர்கள் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியதோடு தம் கடமை முடிந்தது என்று இருந்துவிட்டார்கள்.

அரச குடும்பத்தின் பெயரும் பணமும் ஒன்றாக வரும் இடம் ஒன்றே ஒன்று உண்டு. அதைத் தரகர் திரித்துச் சொல்லிவிடக்கூடும் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ராயல் காமன்வெல்த் எக்ஸ்-சர்வீசஸ் லீக் என்று ஓர் அறக்கட்டளை இருக்கிறது. 1921இல் கேப் டவுனில், முதல் உலகப்போரின் தளபதி ஹெய்க் முன்னின்று தொடங்கியது. சுதந்திரத்துக்கு முன் பிரிட்டிஷ் முடியின் கீழ் படையில் இருந்து, இன்று சாப்பாட்டுக்கே சிரமப்படும் முதியவர்களுக்கும் அவர்களுடைய விதவைகளுக்கும் உதவுவது இதன் வேலை. நாளுக்கு இரண்டு வேளை உணவாவது உறுதியாகட்டும் என்று பிரிட்டிஷ் அரசு 2018இல் இதற்கு 11.8 மில்லியன் பவுண்டு ஒதுக்கியது. இதன் கௌரவத் தலைவராக முன்பு இளவரசர் பிலிப் இருந்தார், அவருக்குப் பின் மன்னர் சார்லஸின் மனைவி கமிலா வந்தார். ஆனால் கவனியுங்கள். இது பென்ஷன் அல்ல, உரிமையும் அல்ல, தர்ம உதவி. உயிரோடு இருக்கும் படைவீரருக்கு அல்லது இறந்தவரின் விதவைக்குத்தான். மகனுக்கு இல்லை, பேரனுக்கு இல்லை. வறுமையில் இருக்க வேண்டும். வீட்டில் அரசுச் சம்பளம் வாங்கும் மகன் இருந்தால் எதிர்பார்க்க வேண்டாம். பழைய நிலுவை கிடையாது. கையில் நிதி உள்ள அளவுக்குத்தான் கொடுப்பார்கள். கமிலாவுக்கு எழுதினால் நடக்காது. அவருடைய பெயரும் அங்கே அலங்காரம்தான். உள்ளூர் முன்னாள் படைவீரர் அமைப்பின் மூலமாகத்தான் போக வேண்டும். விண்ணப்பக் கட்டணம் என்று யாராவது பத்து ரூபாய் கேட்டாலும் அவர் அந்த அமைப்பின் ஆள் அல்ல. பாட்டிக்கு மாநில உதவி கிடைத்த பிறகு இதையும் ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள். இதை முதலில் துரத்திக்கொண்டு ஓடாதீர்கள்.

நல அலுவலகத்துக்குப் போகும்போது டிஸ்சார்ஜ் சான்றிதழின் நகல், தாத்தாவின் இறப்புச் சான்றிதழ், பாட்டியின் ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் எல்லாம் வேண்டும். அசலைக் காட்டலாம், கொடுக்கக் கூடாது. சிக்கல் வேறு இடத்தில் வரும். தாத்தா ஊர் திரும்பிய பிறகு திருமணம் நடந்திருந்தால் பட்டாளத்துக் காகிதத்தில் பாட்டியின் பெயர் இருக்காது. உடனே, “திருமணப் பதிவுச் சான்று கொண்டுவாருங்கள்” என்பார்கள். 1950 வாக்கில் மாரியம்மன் கோயில் முன்னால் தாலி கட்டியவரிடம் பதிவுச் சான்று கேட்பவரை என்ன சொல்வது? ஓர் அலுவலகத்தில் இதே காரணத்துக்காக 90 வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டியை, நான் கூடப் போயிருந்தும், மதியம் வரை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். சண்டை போட்டுப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலர் பரிந்துரைத்து வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, கணவர் பெயரோடு உள்ள வாக்காளர் அட்டை ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுங்கள். பெயர் எழுத்து வேறுபாடும் கட்டாயம் இருக்கும். பட்டாளத்துக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய பெயரில் முனுசாமி முனிசாமி ஆகியிருப்பார். இருவரும் ஒருவரே என்று நோட்டரியிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டே போய்விடுங்கள். அவர்கள் கேட்கும்வரை காத்திருந்தால் இன்னொரு நாள் அலைச்சல். விண்ணப்பத்தைக் கொடுத்ததும் தேதியும் முத்திரையும் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்காமல் நகராதீர்கள். மூன்று மாதம் பதில் இல்லையென்றால், அந்தச் சீட்டைக் காட்டி, பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நிலவரம் கேளுங்கள். அதன் பிறகு ஃபைல் நகரும்.

கடைசியாக மெடல்கள். அவர் மெடல்களைக் கேட்டதிலிருந்தே அவருடைய நோக்கம் தெரிகிறது. எந்த மனுவுக்கும் மெடலை இணைக்க வேண்டியதில்லை. மெடலின் விளிம்பைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள். தாத்தாவின் படை எண்ணும் பெயரும் பொடி எழுத்தில் பொறித்திருக்கக்கூடும். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் பொறிக்காமல் கொடுத்தார்கள், இந்தியச் சிப்பாய்க்குப் பொறித்துக் கொடுத்தார்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தப் பெயரைத்தான். வட்ட மெடல்களின் உலோகம் செம்பும் நிக்கலும் கலந்தது, எடைக்குப் போட்டால் டீச் செலவுக்குக்கூட ஆகாது. “வெள்ளிதானே, எடை போட்டுத் தருகிறேன்” என்று சொல்பவர் இரண்டு பக்கமும் பொய் சொல்கிறார். லாங் ரோல் விவரம் கேட்டு எழுதும்போது அந்த எண்ணைத் தவறாமல் குறிப்பிடுங்கள். பெயரை வைத்துத் தேடினால் முனுசாமிகள் ஆயிரம் பேர் வருவார்கள்.