மைதானத்தின் பெயர் விற்பனைக்கு: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் கால்பந்து கிளப் புது மைதானம் கட்டுகிறது. கட்டி முடித்து, கூட்டம் நிரம்பிய பிறகு பெயர் உரிமையை (மைதானத்துக்குத் தன் பெயரை வைக்கும் உரிமையை) ஒரு நிறுவனத்துக்கு விற்றால் நல்ல விலை வராதா?

பதில்: பெரும்பாலும் குறையத்தான் செய்யும். ஸ்பான்சர் காசு கொடுப்பது ஜனங்கள் வாயில் தன் பெயர் புழங்குவதற்காக. முதல் நாளிலிருந்து ஒரே பெயரைக் கேட்டால்தான் அது நாக்கில் ஒட்டும். லண்டன் கிளப் ஆர்சனல் 2004-லேயே எமிரேட்ஸ் விமான நிறுவனத்துடன் கையெழுத்திட்டது; மைதானம் திறந்தது 2006-இல். டாட்டன்ஹாமோ 2019 ஏப்ரலில் ஸ்பான்சர் இல்லாமல் தன் பெயரிலேயே திறந்தது. இப்படித் திறந்தால் ஒவ்வொரு சீசனும் அந்தப் பெயர் இன்னும் ஊறிப்போகும், பிறகு வருகிறவர் அதை மாற்றப் போராட வேண்டும்.

இன்னொரு காரணமும் உண்டு. வரைபட நிலையிலேயே ஸ்பான்சர் இருந்தால் கூரை எழுத்துகளின் எடை, காற்றழுத்தம், மின்கம்பி வழி எல்லாவற்றையும் கட்டுமானத்தோடு சேர்த்துவிடலாம். கட்டி முடித்த கூரையில் பிறகு ஏற்றுவது இரட்டைச் செலவு.

கேள்வி: எங்களுடையது பழைய மைதானம். பெயரைத் தொட்டாலே ரசிகர்கள் கொதிக்கிறார்கள். விற்கவே முடியாதா?

பதில்: முடியும், ஆனால் பழைய பெயரை அழிக்காதீர்கள். இங்கிலாந்தின் நியூகாசில் கிளப் 2011-இல் தன் செயின்ட் ஜேம்ஸ் பார்க் மைதானத்தை, ஸ்போர்ட்ஸ் டைரக்ட் என்ற கடை நிறுவனத்தின் பெயரில் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா ஆக்கியது. எதிர்ப்பு அடங்கவே இல்லை. 2012-இல் பெயர் உரிமையை வாங்கிய வோங்கா என்ற கடன் நிறுவனம் செய்த முதல் வேலை பழைய பெயரைத் திருப்பிக் கொடுத்ததுதான். பார்சிலோனா 2022-இல் 'ஸ்பாட்டிஃபை கேம்ப் நோ' என்று முன்னால் ஒட்டு மட்டும் சேர்த்தது. நியூரம்பர்க்கில் ஒரு வங்கி உரிமையை வாங்கி, அந்த ஊர் ஆட்டக்காரர் மாக்ஸ் மோர்லாக்கின் பெயரை 2017-இல் வைத்தது. என்னைக் கேட்டால், பழைய மைதானத்துக்கு இந்தக் கடைசி வழிதான் அழகு. ரசிகர் நன்றியோடு நினைக்கும் ஸ்பான்சர் அபூர்வம்.

கேள்வி: என்ன விலை கேட்பது? எமிரேட்ஸ் 100 மில்லியன் பவுண்டு கொடுத்ததாமே?

பதில்: அந்த எண்ணை அளவுகோலாக வைக்காதீர்கள். அதில் 15 வருடப் பெயர் உரிமையோடு 8 வருட ஜெர்சி விளம்பரமும் அடக்கம். செய்தியில் வரும் தொகைகள் பலவும் இப்படி மூட்டையாகக் கட்டியவை.

பிரித்துக் கணக்குப் போடுங்கள்: நேரலையில் பெயர் எத்தனை முறை சொல்லப்படுகிறது, எவ்வளவு நேரம் தெரிகிறது, டிக்கெட், செயலி, விருந்தினர் அறைகள், போட்டியில்லாத நாள் நிகழ்ச்சிகள். பலர் கோட்டை விடுவது கேமரா கோணத்தில். முதன்மைக் கேமரா நடுக்கோட்டுக்கு நேரே ஒரு பக்க ஸ்டாண்டில் இருக்கும். திரையில் தெரிவது எதிர்ப்பக்கம். பெரிய எழுத்தைக் கேமரா இருக்கும் ஸ்டாண்டின் முகப்பில் மாட்டினால் டிவி ரசிகர் கண்ணில் படவே படாது. எதிர் ஸ்டாண்டின் அடுக்குகளுக்கு நடுவே ஓடும் பட்டைதான் தங்கம்.

கேள்வி: ஒப்பந்தத்தில் எதை விடக் கூடாது?

பதில்: முதலில், விற்க உங்களுக்கு உரிமை இருக்கிறதா என்று பாருங்கள். மான்செஸ்டர் சிட்டி ஆடும் மைதானம் நகராட்சிக்குச் சொந்தம். அப்படி இருந்தால் குத்தகைப் பத்திரத்தில் பெயர் உரிமை யாருக்கு என்று எழுத்தில் இருக்க வேண்டும்.

அடுத்து, சர்வதேசப் போட்டிகள். உலகக் கோப்பையில் ஃபிஃபாவின் சொந்த ஸ்பான்சர்களுக்கே இடம். அலியான்ஸ் காப்பீட்டு நிறுவனத்தின் பெயர் தாங்கிய அலியான்ஸ் அரீனா 2006-இல் 'உலகக் கோப்பை மைதானம், மியூனிக்' ஆனது. சாம்பியன்ஸ் லீகில் எமிரேட்ஸும் 'ஆர்சனல் ஸ்டேடியம்'தான். இந்த நாட்களை விலக்காக எழுதாவிட்டால், ஸ்பான்சர் பணத்தைப் பிடித்தம் செய்வார். எழுத்துகளை மூடி, திறக்கும் செலவு யாருடையது என்பதும் அங்கேயே இருக்கட்டும்.

மூன்றாவது, ஸ்பான்சர் கவிழ்ந்தால்? மயாமியின் கூடைப்பந்து அரங்கம் 2021-இல் எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நாணயச் சந்தை நிறுவனத்தின் பெயரை ஏற்றது. மறு வருடமே அந்த நிறுவனம் திவால். பெயரை உடனே கழற்றும் உரிமை, முன்பணம், வங்கி உத்தரவாதம் மூன்றும் வேண்டும். கிரேன் வாடகை, பழைய எழுத்துகளை இறக்குவது, புதுப் பலகை என்று கழற்றுவதற்கே தனிச் செலவு உண்டு. அதை ஸ்பான்சர் தலையில் வையுங்கள். நிறுவனம் வேறொன்றோடு இணைந்து பெயர் மாறினாலும் இதே விதிதான். கூடவே எத்தனை முறை மாற்றலாம் என்று வரம்பு போடுங்கள். ஹாம்பர்க் மைதானம் 2001 முதல் 2015 வரை ஏஓஎல், எச்எஸ்எச் நார்ட்பேங்க், இம்டெக் என்று மூன்று பெயர் பார்த்து, கடைசியில் ஃபோல்க்ஸ்பார்க் என்ற பழைய பெயருக்கே திரும்பியது.

கிளப் கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் தொகை எவ்வளவு குறையும் என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இறங்கிய பிறகு பேரம் பேசும் பலம் உங்களிடம் இருக்காது.

கேள்வி: ஜெர்சி ஸ்பான்சரே மைதானத்தையும் எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம், பேச்சும் சுலபம். ஆனால் அவர் விலகினால் இரண்டு வருமானமும் ஒரே நாளில் நிற்கும். முடிவுத் தேதிகளை வேறு வேறு வருடங்களில் வையுங்கள்.

கேள்வி: பத்திரிகைகள் புதுப் பெயரை எழுத மறுத்தால்?

பதில்: வற்புறுத்த வழியில்லை, ஒப்பந்தத்தில் அப்படி உறுதி கொடுத்துவிடவும் கூடாது. உங்கள் கையில் இருப்பதைச் சரி செய்யுங்கள்: டிக்கெட், அறிவிப்பாளரின் தாள், போட்டி அட்டவணை, இணைய வரைபடம், சாலைப் பலகை, பக்கத்து ரயில் நிலைய அறிவிப்பு. கடைசி இரண்டுக்கும் அரசு அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் இழுக்கும். கையெழுத்தான வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.