நான்கு முறை படித்தும் ஏன் மறந்துபோகிறது?
நான்கு முறை படித்தும் தேர்வறையில் நினைவுக்கு வருவதில்லை என்கிறீர்கள். வெறுமனே நான்கு முறை படித்ததுதான் சிக்கல்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் ரோடிகர், கார்ப்பிக்கே என்ற உளவியலாளர்கள் மாணவர்களை வைத்துச் சோதித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு குழு ஓர் உரைநடைப் பகுதியை நான்கு கட்டங்களிலும் படித்தது. இன்னொரு குழு ஒரு கட்டம் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்றிலும் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடத்தில் கேட்டபோது படித்தவர்களே முன்னிலை. ஒரு வாரம் கழித்தோ, அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம்; எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. வேடிக்கை என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்கள் முதல் குழுவினர்தான்! கண்ணுக்குப் பழகிய வரியைத் தெரிந்த வரி என்று மனம் எண்ணிக்கொள்கிறது.

பாடத்தை வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டு வெள்ளைத்தாளில் எழுதுங்கள். விடுபட்டதை மட்டும் பாருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் எழுதுங்கள். எரிச்சலாகத்தான் இருக்கும்.