பெரியப்பா பதில்கள்: டைனமோவில் ஓடிய ஜிம் ரீவ்ஸ்

கேள்வி: கனடாவில் இருக்கிற மச்சான் ஜெஃப் பிரிட்ஜஸ் பாடின கண்ட்ரி (அமெரிக்கக் கிராமியப் பாட்டு) அல்பத்தை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். ஒஸ்கார் வாங்கின நடிகருக்கு அறுபது தாண்டி ஏன் இந்தப் பாட்டு ஆசை? பேரை வைத்து விற்கிற வேலைதானே பெரியப்பா?
— வாசகர், விசுவமடு

பதில்: அப்படி ஒரேயடியாகத் தள்ளிவிடாதேயும் தம்பி. மனுசன் 2000 இலேயே ஒரு அல்பம் போட்டவர். 2009 இல் வந்த ‘கிரேஸி ஹார்ட்’ படத்தில் குடித்துக் கெட்ட கண்ட்ரி பாடகனாக வந்து, தன் பாட்டுகளைத் தானே பாடினார். ஒஸ்கார் அதற்குத்தான். அந்தப் படத்தின் இசையில் கூட நின்ற டி-போன் பேர்னெட்தான் 2011 இல் நீர் கேட்ட அல்பத்தையும் தயாரித்தவர்.

நடிகன் பாடுவது எங்களுக்கென்ன புதினமா? முள்ளியவளைப் பக்கம் கோவலன் கூத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று நானும் ஒருக்கால் போய் நின்றேன். அண்ணாவியார் என் முகத்தைப் பார்க்கவேயில்லை. “பாடு” என்றார். மூன்றாம் வரியில் மத்தளம் நின்றது. “நீ காவலாளிக்கு நில்.” காவலாளிக்கும் இரண்டு வரி இருந்தது, அதைக் கரைசேர்த்தது பிற்பாட்டுக்காரர்.

கசெற்றில் அந்தத் துணை கிடையாது, உடுப்பும் கிடையாது. தொண்ணூறுகளில் வன்னிக்குக் கரண்ட் இல்லை, பற்றரிக்கும் தடை. சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் பாட்டுக் கேட்டோம். எங்களிடம் இருந்த ஒரேயொரு இங்கிலீசுக் கசெற் கண்ட்ரி பாடகர் ஜிம் ரீவ்ஸினுடையது. சுற்றுகிறவனுக்குக் கை உளைந்தால் ரீவ்ஸ் கிணற்றுக்குள் இறங்கிவிடுவார்; உசாராகிச் சுற்றினால் குமர்ப்பிள்ளை மாதிரிக் கீச்சிடுவார். நடுவில் ஒரு கணக்கான வேகம் உண்டு. அது பிடிபட்டதும் ஒருவரும் கதையோம். ஆளின் முகம் தெரியாது, பாட்டில் அரைவாசி விளங்காது. அவர் 1964 இலேயே விமான விபத்தில் போய்ச் சேர்ந்தவர் என்பதுகூட எனக்குப் பிறகுதான் தெரியும்.

பிரிட்ஜஸையும் போனைக் கவிழ்த்து வைத்துக் கேளும். நான் கேட்டேன். ரீவ்ஸின் வழுவழுப்பு இல்லை, கரகரத்த தொண்டை. ஆனால் இழுத்துப் பாடுகிற இடங்களில், தோட்டம் இறைத்துவிட்டு வந்து திண்ணையில் குந்தின மனுசன் மாதிரி இருக்கிறது. எனக்குப் பிடித்துக்கொண்டது.

கேள்வி: நடிகையரில் அப்படி யாராவது?
— வாசகி, மாங்குளம்

பதில்: சிஸ்ஸி ஸ்பேசெக். 1980 இல் வந்த படத்தில் பாடகி லொரெட்டா லின்னாக நடித்து, அவவின் பாட்டுகளைச் சொந்தக் குரலில் பாடினா. ஒஸ்காரும் கிடைத்தது. 1983 இல் தனியாக ஒரு கண்ட்ரி அல்பமும் போட்டா. விசுவமடுத் தம்பி, மச்சானிடம் அதையும் எடுப்பித்து எனக்கு ஒன்று அனுப்பிவிடும்.