லெஸ்டர் வீடு: ஏஜென்ட் கேட்கும் பணம் சரியா?

வணக்கம். மாதம் 1,150 பவுண்ட் வாடகை வீட்டுக்கு ஹோல்டிங் டெபாசிட் 265, டெபாசிட் 1,326, ரெஃபரன்சிங் (உங்கள் வருமானம், பழைய வாடகை விவரத்தைச் சரிபார்க்கும்) கட்டணம் 150 கேட்கிறார்கள் என்றீர்கள். முதல் இரண்டும் சரி. மூன்றாவதைக் கொடுக்காதீர்கள்; இங்கிலாந்தில் 2019 முதல் அப்படி வாங்குவதே சட்டப்படி தடை.

கணக்கு இதுதான்: 1,150ஐ 12ஆல் பெருக்கி 52ஆல் வகுத்தால் வார வாடகை 265.38. பலர் நாலால் வகுத்துவிட்டுக் குழம்புவார்கள். ஹோல்டிங் டெபாசிட் ஒரு வார வாடகையைத் தாண்டக்கூடாது, டெபாசிட் ஐந்து வாரத்தை.

ஹோல்டிங் டெபாசிட் வீட்டை உங்களுக்காகப் பிடித்து வைக்க. ஒப்பந்தம் முடிந்ததும் பெரும்பாலும் முதல் வாடகையில் கழித்துவிடுவார்கள். நீங்களாகப் பின்வாங்கினாலோ, சம்பளத்தைக் கூட்டிச் சொன்னாலோ, ரைட் டு ரென்ட் (இங்கே வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்ற) சோதனையில் தேறாவிட்டாலோ அது போய்விடலாம். அந்தச் சோதனைக்கு ஈவிசாவில் (இணையவழி விசா) எடுத்துக் கொடுக்கும் ஷேர் கோடு 90 நாள்தான் செல்லும், தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய டெபாசிட்டை 30 நாளுக்குள் டிபிஎஸ், மைடெபாசிட்ஸ், டிடிஎஸ் என்ற மூன்று டெபாசிட் பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்து, விவரத்தை உங்களுக்குத் தர வேண்டும். தராவிட்டால் நீதிமன்றம் டெபாசிட்டைப் போல மூன்று மடங்குவரை உங்களுக்குத் தரச் சொல்லலாம். சாவி வாங்கும் அன்றே இன்வென்டரியில் (வீட்டுப் பொருள், நிலைமைப் பட்டியல்) இல்லாத கறை, கீறலைப் படமெடுத்து மெயிலில் அனுப்புங்கள். காலி செய்யும்போது டெபாசிட்டில் பிடித்தம் அதிகம் வருவது சுத்தம் செய்யாததற்குத்தான்.

‘பில்ஸ் எக்ஸ்க்ளூடட்’ என்றால் கவுன்சில் டாக்ஸ் (உள்ளாட்சிக்குக் கட்டும் வீட்டு வரி), கேஸ், கரண்ட், தண்ணீர் எல்லாம் தனி. கவுன்சில் டாக்ஸ் எந்த பேண்ட் (வரித் தொகையைத் தீர்மானிக்கும் பிரிவு) என்று இப்போதே கேளுங்கள்.